வலைநூல் சுற்றிய பேனை

முதன்முறையாகப் பரீட்சை மண்டபத்தில் நோக்குநராக நிற்கப்போகும் உங்களுக்கு ஒரு கைந்நூல் தந்திருப்பார்கள். உங்களில் எத்தனை பேர் அதை முழுவதும் வாசித்தீர்கள் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன். மேற்பார்வையாளராக இருந்த காலத்தில் நான் அதை ஒவ்வொரு வருடமும் வாசித்தேன். பக்தியால் அல்ல, மற்றவர்கள் வாசிப்பதில்லை என்று தெரிந்திருந்ததால். மண்டபத்தில் ஒருவருக்காவது விதிகள் தெரிந்திருந்தால்தான் மற்றவர்கள் தாராளமாக இரக்கப்படலாம்.

அந்தக் கைந்நூலில் மயக்கத்துக்கு ஒதுக்கியிருப்பது அரைப் பந்தி. எங்கள் கரையிலோ மயக்கம் பரீட்சையில் ஒரு பாடம் மாதிரி. பல வருடம் பார்த்துப் பார்த்து இரண்டு வகை மயக்கங்களைப் பிரித்தறியப் பழகியிருந்தேன். படிக்காதவர் மயக்கம் ஒன்று, சாப்பிடாதவர் மயக்கம் மற்றது. படிக்காதவர் விழுவதற்கு முன் இடம் பார்ப்பார். பேனையை மூடி வைப்பார். மாம்புரிப் பாடசாலையில் ஒரு மாணவன் வினாத்தாளை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கதிரையில் கையை ஊன்றி, வெள்ளைச் சட்டையில் அழுக்குப் படாத மாதிரிச் சரிந்து படுத்தான். நான் குனிந்து, "தம்பி, ஆஸ்பத்திரியில இருந்து ஆள் வருதாம், பெரிய ஊசியாம்" என்று காதுக்குள் சொன்னேன். எழும்பி உட்கார்ந்து தெரிந்ததை எழுதினான். அது எவ்வளவு என்பது வேறு விஷயம்.

இந்த இரண்டு வகைக்குள்ளும் முழுதாக அடங்காத மயக்கம் ஒன்றைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழிந்த ஒரு டிசம்பர். கற்பிட்டிக் குடாநாட்டுக் கரையோரத்தில் ஒரு பாடசாலை, சாதாரண தரப் பரீட்சை, கணிதம். மண்டபம் நிறையத் தனிப்பட்ட பரீட்சார்த்திகள், அதாவது பாடசாலைக் காலத்தில் விட்டதைப் பிடிக்க வந்தவர்கள். அவர்களில் ஒருவர் மஹ்ரூபா. வயது நாற்பதைத் தாண்டியவர். தொண்ணூறில் யுத்தத்துக்கு நடுவே மன்னார் முஸ்லிம்கள் எல்லோரையும் போலக் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டபோது, அந்த வருடம் இதே பரீட்சையை எழுத இருந்த பிள்ளை. பரீட்சை நடந்த நாட்களில் பிள்ளை ஆலங்குடா அகதி முகாமில் ஒரு கிடுகுக் கொட்டிலில் இருந்தார். பிறகு கலியாணம், பிள்ளைகள். கண்டக்குழியில் கடலுக்குப் போகிற கணவர். ஊர் வாசிகசாலையில் வருடக்கணக்காகத் தற்காலிக உதவியாளர் வேலை. அந்த வேலை நிரந்தரமாகச் சாதாரண தரச் சித்தி வேண்டும். மற்றப் பாடங்களை ஒவ்வொன்றாகச் சித்தியடைந்து முடித்திருந்தார். கணிதம் மட்டும் பாக்கி. நியமனத்துக்கான வயதெல்லை அடுத்த பரீட்சை வருவதற்குள் கடந்துவிடும். அன்றைக்கு இல்லையென்றால் இல்லை.

இதெல்லாம் எனக்கு அன்று காலையில் தெரியாது. இது துப்பறியும் கதை அல்ல என்பதால் உங்களுக்கு முன்னமே சொல்லிவிடுகிறேன்.

அந்த மண்டபத்தில் ஒரு வழக்கம் இருந்தது. டிசம்பர்க் காற்று எங்கள் பக்கத்தில் தாள்களை அள்ளிக்கொண்டு போகும். அதனால் ஒவ்வொரு மேசையிலும் கடற்கரையிலிருந்து பொறுக்கிய முருகைக்கல் ஒன்றை வைப்போம். கல்லை நாங்கள்தான் கொடுப்போம்; சொந்தக் கல் கொண்டுவர யாருக்கும் அனுமதி இல்லை. கல்லில் என்னதான் எழுதலாம் என்று நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குப் பைதகரஸ் தேற்றத்தைச் சிப்பி ஓட்டில் எழுதிக்கொண்டு வந்த பிள்ளையைத் தெரியும்.

அன்று காற்று வழமையைவிடக் கடுமை. கல்லையும் நம்பாமல் கடற்பக்க யன்னல்களைச் சாத்தியிருந்தோம். தகரக் கூரைக்குக் கீழே மண்டபம் அவிந்தது.

வாசலில் பரீட்சார்த்திகளைச் சோதித்து உள்ளே விட்டவர் ஜவாத். நோக்குநர்களில் அவர்தான் இளையவர். ஒழுங்கானவர். சட்டைக் கையை மணிக்கட்டு வரை பூட்டி, கழுத்துப்பட்டியும் கட்டி வருவார். எல்லாவற்றையும் சந்தேகிப்பார். இது குறையல்ல, சந்தேகப்படாத நோக்குநர் மண்டபத்துக்குள் இன்னொரு தூண்தான். இன்னொருவர் ஸ்டெல்லா டீச்சர். சுகாதாரம் படிப்பிப்பவர், வாய் துடுக்கு, மனசு இளகல். முதலுதவியைப் படம் கீறி விளக்குவதில் கெட்டிக்காரி.

பரீட்சை பாதியைத் தாண்டியிருந்தது. நடு வரிசையில் கதிரை ஒன்று சிமெந்தில் உரசியது. அடுத்ததாகக் கல் விழுந்த சத்தம். அதற்கடுத்த சத்தம் கல்லினுடையது அல்ல.

நான் போய்ச் சேர்ந்தபோது மஹ்ரூபா மேசைக்கும் கதிரைக்கும் நடுவே கிடந்தார். மேசை விளிம்பு புருவத்துக்கு மேலே கிழித்திருந்தது. இடது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. வலது கைக்குள் பேனை, மூடாமல். படிக்காதவர் மயக்கம் அல்ல என்பது அந்தப் பேனையைப் பார்த்ததுமே தெரிந்தது.

"சேர், ஸ்டாஃப் ரூமுக்குத் தூக்குவம், அங்க ஃபேன் இரிக்கி" என்று சொல்லிக்கொண்டே ஜவாத் குனிந்து அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்தார்.

மயக்கத்தில் கிடந்த மனுசி அலறினார். வார்த்தை இல்லாத அலறல். மண்டபமே பேனையைக் கீழே வைத்தது.

"கையை விடுங்க ஜவாத்! ஒருத்தரும் வெளியில தூக்க வேணாம்!"

"சேர்!" ஸ்டெல்லா டீச்சர் என்னை முறைத்தார். "இங்க ரத்தம் ஓடுது, நீங்க கதவைக் காவல் காக்கிறீங்க!"

ஓம், கதவைத்தான் காத்தேன். ஏனென்று கேளுங்கள். ஆசிரியர் அறையில் மின்விசிறி இருந்தது உண்மை. அங்கே அந்த நேரத்தில் நாலைந்து கணித ஆசிரியர்களும் இருந்தார்கள். வினாத்தாள் எப்போது வெளியே வரும், எத்தனை கணக்குகளை ஊகித்தோம் என்று தேத்தண்ணி குடித்தபடி காத்திருந்தார்கள். அப்படியொரு அறைக்குள் பாதிப் பரீட்சையில் ஒரு பரீட்சார்த்தியைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தால், அவர் கண் திறக்கும்போது சுகமாக இருக்கலாம். திரும்பி வந்து எழுத முடியாது. அவர் அங்கே யாரோடும் கதைக்கவில்லை என்று கையெழுத்துப் போட நானும் தயாராக இருந்திருக்க மாட்டேன்.

மூச்சு இல்லையென்றால் சுவரை உடைத்தாவது வெளியே கொண்டுபோயிருப்பேன். மூச்சு இருந்தது. நாடி இருந்தது. மயங்கியவருக்கு முதலில் தேவை படுத்திருப்பது, காற்று, காயத்தில் அழுத்தம். மூன்றையும் அந்த இடத்திலேயே கொடுக்கலாம்.

"எல்லாரும் தாளில கல்லை வைங்க, யன்னலைத் திறக்கப் போறம். வைச்சாச்சா? இனி எழுதுங்க. உங்கட நேரம் ஓடிக்கொண்டுதான் இரிக்கி" என்றேன். யன்னல்கள் திறந்தன. காற்று ஒரு தடவை மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தது, தாள்கள் படபடத்தன, கற்கள் பிடித்துக்கொண்டன. காலுள்ள கரும்பலகையை இழுத்து மறைப்பாக நிறுத்தினோம். ஸ்டெல்லா டீச்சர் கைலேஞ்சியை மடித்துப் புருவத்தில் அழுத்திக்கொண்டு, காலுக்கு அடியில் ஒரு புத்தகப் பையைத் தள்ளினார். யாரோ தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்கள். "வேணாம், முழுசா முழிக்கட்டும்" என்று நானும் டீச்சரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அன்று நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஜவாத்தை அதிபரின் அறைக்கு அனுப்பினேன். ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து, விழுந்தவருக்கு என்ன செய்வதென்று வைத்தியரிடமே கேட்டு வரச் சொன்னேன்.

மஹ்ரூபா கண்ணைத் திறந்தார். முதல் வார்த்தை, "என்ட பேப்பர் எங்க?"

"பேப்பர் இருக்கு. அசையாம கிடங்க," என்றார் டீச்சர்.

நான் குனிந்தேன். "உங்கட பேர் என்ன?"

"மஹ்ரூபா."

"இண்டைக்கி என்ன பாடம்?"

என்னைப் பார்த்தார். "கணக்கு சேர். வேற எந்தப் பாடத்துக்கு மனுசர் மயங்கி வுழுவாங்க?"

தலை சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

கையை அப்போதுதான் கவனித்தேன். விரல் மொளிகள் வீங்கிப் பளபளத்தன. விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன, காற்றுக்குச் சாய்ந்த தாழை மாதிரி. விழுந்ததில் வந்ததல்ல அது; வருடங்களில் வந்தது. இடது மணிக்கட்டு மட்டும் புதிதாக வீங்கிக்கொண்டிருந்தது.

"மூட்டுவாதமா?"

"ஓம் சேர். கடைசி மகள் பொறந்ததுக்குப் பொறகு."

"மருந்து?"

"கிளினிக்ல தாறாங்க. எண்டாலும் காலையில வெரல் விரியாது. சுபஹுத் தொழுகைக்கு எழும்பிச் சுடுதண்ணியில வெச்சித்தான் விரிக்கிற. இண்டைக்கி எழுதணுமே எண்டு நோவுக்குளிசை கூட ஒண்டு போட்டன்."

"சாப்பிட்டுத்தானே போட்டீங்க?" என்றார் டீச்சர்.

"பாண் ஒரு துண்டு கையில எடுத்தன் டீச்சர். எறங்கல்ல."

வெறும் வயிறு, கூடுதலான குளிசை, வெயிலில் வரிசை, சாத்திய யன்னல், கையில் நோவு. மயக்கம் ஏன் இவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதுதான் கேள்வி.

"இப்படி வருத்தம் இருக்கிறவங்களுக்குக் கூடுதல் நேரம் குடுக்க விதி இரிக்கி. முன்கூட்டியே விண்ணப்பிச்சிருக்கலாமே?" என்றேன். விதி தெரிந்தவன் கேட்கக்கூடிய மிகச் சரியான, மிகப் பிரயோசனமற்ற கேள்வி.

"அதுக்கு டொக்டர்ட சேட்டிபிகேட் வேணும் சேர். கையால ஏலாது எண்டு எழுதிக் குடுப்பாரு. அந்தக் கடதாசியக் குடுத்துப் பரீட்ச எழுதி, பொறகு அதே கையோட போய் வேல தாங்க எண்டா தருவாங்களா? புத்தகம் தூக்கிற வேல. நான் முழங்கையால அணைச்சித்தான் தூக்கிற. ஒருத்தருக்கும் தெரியாது."

நேரம் வேண்டுமென்றால் வருத்தத்தைச் சொல்ல வேண்டும்; வேலை வேண்டுமென்றால் வருத்தத்தை மறைக்க வேண்டும். விதிகளை எழுதியவர்கள் இரண்டையும் தனித்தனி மேசையில் இருந்து எழுதியிருப்பார்கள்.

"என்ட பேனை இருந்திருந்தா இவ்வளவும் வராது சேர்," என்றார் மஹ்ரூபா. "மெல்லிய பேனைய என்னால இறுக்கிப் புடிக்க ஏலாது. எங்கட ஊட்டுக்காரர் வலைநூல் சுத்தித் தடிப்பாக்கித் தந்தாரு. கரண்டி, தும்புத்தடி, வாசிகசாலயில முத்திரை குத்திற கட்டை, எல்லாத்துக்கும் சுத்தித் தந்திருக்காரு. அந்த சேர் வாசல்லயே எடுத்துட்டாரு. பக்கத்துப் புள்ளதான் இந்தப் பேனையத் தந்திச்சி."

"அந்த சேர்" அப்போதுதான் திரும்பி வந்தார். மூச்சு வாங்க, வைத்தியர் சொன்னதைச் சொன்னார்: ஆஸ்பத்திரி வாகனம் வேறொரு நோயாளியோடு புத்தளம் போயிருக்கிறது. விழுந்தவர் தெளிவாகக் கதைக்கிறாரா, வயிற்றைப் புரட்டிச் சத்தி எடுத்தாரா, பார்வை மங்குகிறதா, கழுத்து நோகிறதா, கால் கை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் எதிலாவது கோளாறு என்றால் ஒரு நிமிடமும் பொறுக்காமல் கிடைத்த வாகனத்தில் கொண்டுவர வேண்டும். கோளாறு இல்லையென்றாலும் இன்றைக்கே கொண்டுவந்து காட்ட வேண்டும்.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். சத்தி இல்லை. பார்வை தெளிவு. கழுத்தில் நோவு இல்லை. கால்கள் அசைந்தன. புருவத்தில் இரத்தம் நின்றுகொண்டு வந்தது.

"இப்ப போறீங்களா, எழுதிப்போட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன். "போறதெண்டா இப்பவே ஓட்டோ பிடிக்கிறன். அதுதான் நல்லது. நான் உங்கட கூடப்பொறந்தவனா இருந்தா அதைத்தான் சொல்லுவன்."

அப்போதுதான் நான் மேலே சொன்ன முழுக் கதையையும் சொன்னார்: மன்னார், கொட்டில், வாசிகசாலை, வயதெல்லை. கரும்பலகைக்குப் பின்னால், தரையில் படுத்தபடி, இரகசியம் போல மெல்லிய குரலில். முடித்துவிட்டு, "எழுதிட்டுப் போறன்" என்றார்.

"சரி. ஆனா டீச்சர் உங்களுக்குப் பக்கத்திலதான் நிப்பா. ஒரு தடவ சத்தி வந்தாலும், ஒரே கேள்விய ரெண்டு தரம் கேட்டாலும், தாளை வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவன். அழுதாலும் கேக்க மாட்டன்."

"அழ நேரமில்ல சேர்," என்றார்.

அவருக்குச் சீனி போட்ட பிளேன்ரீ ஒன்றும் பிஸ்கட்டும் வரவழைத்தோம். பிஸ்கட்டின் உறையை ஜவாத் கழற்றி இரண்டு பக்கமும் பார்த்ததை நான் கண்டும் காணாத மாதிரி இருந்தேன். அது சரியான வேலைதான்.

"பேனை எங்க ஜவாத்?" என்றேன்.

"மேசை லாச்சியில வெச்சிருக்கன் சேர். அந்த நூலுக்குள்ள ஒரு துண்டுக் கடதாசிய வெச்சிச் சுத்தினா ஒருத்தருக்கும் விளங்காது."

"உண்மை. சுத்தலாம். சுத்தியிருந்திச்சா?"

"தெரியாது சேர். நான் அவிழ்க்கல்ல."

இந்த இடத்தில்தான் நீங்கள் காதைக் கொடுக்க வேண்டும். ஜவாத் சந்தேகப்பட்டது பிழை அல்ல. நானும் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் சந்தேகம் என்பது ஒரு வேலையின் தொடக்கம். அவிழ்த்துப் பார், ஒன்றுமில்லையென்றால் திருப்பிக் கொடு, இருந்தால் என்னிடம் கொண்டுவா. சந்தேகப்படுவது உங்கள் கடமை. சந்தேகத்தை லாச்சியில் வைத்துப் பூட்டுவது உங்கள் கடமை அல்ல. பிடித்து வைப்பவர்கள் தங்களைக் கண்டிப்பானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் வேலையைப் பாதியில் விட்டவர்கள்.

அதை அப்போது நான் ஜவாத்திடம் சொல்லவில்லை. "கொண்டுவந்து எல்லாருக்கும் முன்னால அவிழுங்க" என்று மட்டும் சொன்னேன்.

நீல நிற நைலோன் நூல். சுற்றுச் சுற்றாகக் கழன்று மேசையில் குவிந்தது. உள்ளே ஒரு மலிவான பிளாஸ்ரிக் பேனை. வேறொன்றுமில்லை.

இப்போது புதிதாக ஒரு பிரச்சினை. அவிழ்த்ததை யார் சுற்றுவது? மஹ்ரூபாவின் ஒரு கை வீங்கிப்போயிருந்தது, மற்றது மட்டும் சுற்றப் போதாது. சுற்றத் தெரிந்த கணவர், அவரைக் கூட்டிவந்தவர், பாடசாலைப் படலைக்கு வெளியே நின்றார். பரீட்சை நடக்கும் மண்டபத்துக்குள் வெளி ஆளை விட முடியாது. பேனையை அவரிடம் வெளியே அனுப்பினால் திரும்பி வரும்போது மறுபடியும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், அதுதான் விதி. ஸ்டெல்லா டீச்சர் நூலை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினார். மூன்றாவதில் முழுவதும் நழுவி விழுந்தது. நைலோன் நூல் அப்படித்தான். பழகாத கைக்கு அடங்காது.

ஜவாத் நின்றுகொண்டிருந்தார். ஜவாத்தின் வாப்பாவைப் பற்றி அவர் கேட்பவர்களுக்கெல்லாம் "பிஸ்னஸ்" என்று சொல்வார். கண்டக்குழிக் கரையில் அந்த பிஸ்னஸின் தோணி எது, அதன் நிறம் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் கேட்டதில்லை.

அவர் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பேனையைப் பெருவிரலால் உருட்ட உருட்ட, நூல் ஒன்றை ஒன்று நெருக்கி அடுக்காக ஏறியது. கடைசியில் ஏதோ ஒரு முடிச்சைப் போட்டு இழுத்தார். முடிச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. முழுவதும் நடக்க எடுத்தது நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடும் நேரம்தான்.

மஹ்ரூபா பேனையை வாங்கி அழுத்திப் பார்த்தார். "எங்கட ஊட்டுக்காரர விட இறுக்கமா இரிக்கி. எங்க படிச்சீங்க சேர்?"

"ஊட்டில, ராத்தா," என்றார் ஜவாத். அன்றைக்குத்தான் அவர் அந்த மண்டபத்தில் யாரையும் அக்கா, அண்ணன் என்று முறை சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டேன்.

மஹ்ரூபாவைக் கதிரையில் உட்காரவைத்தோம். கையைப் பிடிக்காமல், முதுகிலும் முழங்கையிலும் தாங்கித் தூக்கினோம். இடது கையை டீச்சரின் சால்வை தூளியாகத் தாங்கியது. முதல் பக்கத்தில் இரத்தம் சொட்டியிருந்தது. "புதுத் தாள் குடுத்து இதைப் பார்த்து எழுதச் சொல்லுவமா?" என்றார் டீச்சர். வேண்டாம் என்றேன். எழுதிய தாள் எழுதிய தாள்தான். இரத்தத்துக்கு நான் அறிக்கை எழுதுவேன். திருத்துபவருக்குக் கொஞ்சம் மயக்கம் வந்திருக்கலாம்; அது வேறு மண்டபத்தின் பிரச்சினை.

இடது கை இல்லாததால் தாள் அசைந்தது. டீச்சர் தாளைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"டீச்சர், உங்கட கை விடைத்தாளில படக் கூடாது."

"அப்ப ஆர் பிடிக்கிற? காற்றா?"

"இன்னொரு கல் குடுங்க."

இரண்டு முருகைக்கற்களுக்கு நடுவே மஹ்ரூபா எழுதினார். நான் மேசையிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு எண்ணையும் தோளால் எழுதினார். விரல் பேனையைப் பிடிக்க மட்டும், அசைவெல்லாம் தோளிலிருந்து. இப்படி ஒருவர் ஒரு சமன்பாட்டை எழுதி முடிப்பதைப் பார்த்தவனுக்கு அது சரியா பிழையா என்று கவலைப்பட நேரமிருக்காது.

மணி அடித்தது.

நோக்குநர்கள் தாள்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். மஹ்ரூபா நிமிரவில்லை.

"சேர், அஞ்சு நிமிசம். விழுந்து கிடந்த நேரத்தில அதை மட்டும் தாங்க. கடைசிக் கணக்கு பாதியில நிக்கிது. விட தெரியும் சேர்."

"ஏலாது."

"சேர், அவ விளையாடப் போகேல்ல, விழுந்து கிடந்தவ!" ஸ்டெல்லா டீச்சரின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஜவாத்தும் என்னைப் பார்த்தார். ஜவாத்தே என்னைப் பார்த்தார் என்றால் நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள்.

"பேனையை வைங்க," என்றேன்.

வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகப் புறப்படும்போது, நல்ல கையால் ஒரு கல்லை எடுத்து என் மேசையில் வைத்தார். "இது உங்கடதான் சேர். உங்கட மனசு வெளியில கிடந்திச்சி."

ஓட்டோவில் ஏற்றினோம். புருவத்தில் தையல், மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு, கட்டு. தலைக்கு ஒன்றுமில்லை. கிளினிக்கில் மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள் என்றும், வெறும் வயிற்றில் குளிசை போட்டதற்கு வைத்தியர் நல்ல ஏச்சு ஏசினார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். ஸ்டெல்லா டீச்சர் மிச்சப் பரீட்சை நாட்களில் என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை மட்டும் என் மேசையில் சற்றுப் பலமாக வைத்துவிட்டுப் போவார்.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலத்தில் ஒரு முறைப்பாடு போயிருந்தது. யார் கொடுத்ததென்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ள முயலவுமில்லை. மயங்கி விழுந்த மாதிரி நடித்த ஒரு பரீட்சார்த்திக்கு மேற்பார்வையாளர் உதவி செய்தார், கூடுதல் நேரம் கொடுத்தார், வெளியே கூட்டிப்போய் விடை சொல்லிக்கொடுத்தார்கள் என்று முறைப்பாடு. விசாரிக்க ஒருவர் வந்தார். அமைதியான மனிதர். எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

மண்டபத்தை விட்டு வெளியே போனாரா? இல்லை. அவரிடமிருந்த பொருள் சோதிக்கப்பட்டதா? எல்லோருக்கும் முன்னால். விடைத்தாளை வேறு யாராவது தொட்டார்களா? இல்லை, கல் தொட்டது. மேலதிக நேரம்?

அந்தக் கேள்விக்கு என்னுடைய பதிலை அவர் நம்பியிருக்க வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் வேறென்ன சொல்வான்? என்னைக் காப்பாற்றியவர் ஸ்டெல்லா டீச்சர். உள்ளே போய், இந்த மனுசனுக்கு ஈவிரக்கம் இல்லை, கல்நெஞ்சன், அந்தப் பொம்பிளை கெஞ்சினா, இரத்தத்தோட கெஞ்சினா, ஒரு நிமிசம் குடுக்கேல்ல, இவரையெல்லாம் எப்பிடி மேற்பார்வையாளராப் போட்டீங்க என்று முழங்கினாராம். விசாரணைக்கு வந்தவர் வெளியே வரும்போது என்னைப் பார்த்த பார்வையில் ஒரு அனுதாபம் இருந்தது. அந்த விடைத்தாளை நிறுத்திவைக்க எந்தக் காரணமும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

கோபத்தை விட நம்பகமான சாட்சி இல்லை. அந்த ஐந்து நிமிடத்தை நான் கொடுத்திருந்தால் டீச்சர் என்னைப் புகழ்ந்திருப்பார். அந்தப் புகழ் மஹ்ரூபாவின் தாளைக் கிழித்திருக்கும்.

இதிலிருந்து நான் நல்லவன் என்ற முடிவுக்கு வராதீர்கள். முறைப்பாடு வரும் என்று எனக்கு ஞானதிருஷ்டியில் தெரிந்திருக்கவில்லை. அன்று எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் எது என் கையில் இருக்கிறது, எது இல்லை என்பது மட்டும்தான். யன்னல் என் கையில் இருந்தது. கல், கரும்பலகை, தேத்தண்ணி, லாச்சியில் கிடந்த பேனை என் கையில் இருந்தன. நேரம் இருக்கவில்லை. இளகிய மனசுக்காரர் பலர் நேரத்தைக் கொடுக்க அவசரப்படுவார்கள். யன்னலைத் திறக்க மறந்துவிடுவார்கள்.

பெறுபேறு வந்தபோது ஜவாத்தான் தொலைபேசியில் சொன்னார். சாதாரண சித்தி. அதற்கு மேல் ஒரு புள்ளியும் வீணாக்கப்படவில்லை என்று நினைக்கிறேன்.

நான் ஓய்வுபெற்று இப்போது சில வருடங்கள். என் முழங்கால்களுக்கும் வாதம் வந்திருக்கிறது; இருந்தால் எழும்ப முடியாது, எழும்பினால் இருக்க மனம் வராது. பின்னேரங்களில் வாசிகசாலைக்குப் போவேன். யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை எனக்குப் பழக்கம். முன்மேசையில் மஹ்ரூபா இருப்பார், நிரந்தர உத்தியோகத்தர். முத்திரைக் கட்டையில் நீல வலைநூல். மேல்தட்டுப் புத்தகம் வேண்டுமென்றால் ஏணியைக் காட்டி, "நீங்களே எடுங்க, எனக்கும் ஏலாது, உங்களுக்கும் ஏலாது, யாருக்குக் கூட ஏலாது எண்டு பாப்பம்" என்பார். புருவத் தழும்பைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

போன கிழமை ஒரு பழைய பிரயாண நூலில் மூழ்கிப்போயிருந்தேன். கடைசி அத்தியாயம். மஹ்ரூபா யன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தார்.

"சேர், பூட்டப் போறன்."

"அஞ்சு நிமிசம், மஹ்ரூபா. கடைசிப் பக்கங்கள்தான்."

"ஏலாது சேர்."

புத்தகத்தை மூடினேன். கதிரையின் கையை ஊன்றி எழும்பப் பார்த்தேன். முழங்கால் சம்மதிக்கவில்லை. மறுபடியும் முயன்றேன். அவர் அருகில் வந்து நின்றார். கையைப் பிடித்து இழுக்கவில்லை. என் முழங்கைக்கு அடியில் தன் முன்னங்கையைக் கொடுத்துக் காத்திருந்தார்.

"அவசரமில்ல," என்றார். "எழும்ப எவ்வளவு நேரமும் எடுங்க சேர். வாசிக்கத்தான் ஏலாது."